சின்ன வீட்டுக்குள்ளே ஒரு பெரிய மனுஷன்

(பொங்கல் சிறப்புப் பட்டிமன்றம். தலைப்பு: சிறிய நகரத்து வீட்டுக்கு அழகும் பயனும் தருபவை புதிய சாமான்களா, பழைய சாமான்களா? ‘பழைய சாமான்களே’ என்ற அணியில் மூன்றாவதாகப் பேசியது.)



நடுவர் அவர்களே, இன்னைக்குத் தலைப்பு சின்ன வீட்டைப் பத்தினது. நம்ம ஊர்ல ‘சின்ன வீடு’ன்னு சொன்னாலே போதும், முன்வரிசையில நாலு பேர் நிமிர்ந்து உக்கார்றாங்க. பக்கத்துல இருக்கிற அம்மா அவங்களைத் திரும்பிப் பாக்கறாங்க. (சிரிப்பு) பயப்படாதீங்க. நான் பேச வந்தது அறுநூறு சதுர அடி வீட்டைப் பத்தி. கட்டிலை விட்டு இறங்கினா சமையக்கட்டு, சமையக்கட்டுல திரும்பினா பாத்ரூம், பாத்ரூம் ஜன்னலைத் திறந்தா பக்கத்து வீட்டு டி.வி. அந்த வீடு! (சிரிப்பு, கைதட்டல்)

அந்த வீட்டுல லாஃப்ட்னு ஒண்ணு இருக்கும். நமக்கு லாஃப்ட்னா பரண். கல்யாணத்துக்கு வாங்கின அண்டா, கால் உடைஞ்ச ஸ்டூல், பையன் நாலாம் வகுப்புல ஓட்டின மூணு சக்கர சைக்கிள், எல்லாம் அங்கதான் ஓய்வெடுக்கும். ஆனா நியூயார்க்ல போய் லாஃப்ட்னு கேட்டுப் பாருங்க. அங்க லாஃப்ட்னா வீடு! சோஹோன்னு ஒரு பகுதி. ஒரு காலத்துல அங்க தொழிற்சாலைகளும் கிடங்குகளும் இருந்தது. தொழில் நகர்ந்து போன பிறகு மாடி மாடியா காலியா கிடந்தது. கையில காசில்லாத ஓவியர்களும் சிற்பிகளும் குறைஞ்ச வாடகைக்கு அங்க குடிபோனாங்க. சட்டப்படி அங்க குடியிருக்கவே கூடாது. 1971-லதான் நகர நிர்வாகம் விதியை மாத்தி, கலைஞர்கள் அங்கே வாழலாம்னு அனுமதி குடுத்தது. கிடைச்ச பழைய மேசை, பழைய நாற்காலின்னு வெச்சு அவங்க குடித்தனம் நடத்தினாங்க. இன்னைக்கு அந்தப் பகுதியில வீடு வாங்கறவங்க கோடீஸ்வரங்க. அவங்க என்ன பண்றாங்க தெரியுமா? அந்த ஏழை ஓவியன் வீடு மாதிரியே தெரியணும்னு லட்ச லட்சமா செலவு பண்ணிப் பழைய நாற்காலி தேடறாங்க. அந்த ஊர்ல பரணுக்குள்ளயே குடியிருக்காங்க ஐயா. நாமதான் குடியிருக்க வேண்டியதை எல்லாம் பரண்ல ஏத்திட்டு, பிளாஸ்டிக் நாற்காலியில உக்காந்திருக்கோம்! (பலத்த கைதட்டல்)

எதிரணித் தலைவர் பெரிய படிப்பாளி. நன்னூல் சூத்திரத்தையே எடுத்து வீசினார். பழையதைக் கழிக்கணும், புதியதைப் புகுத்தணும்னு இலக்கணமே சொல்லுதுன்னார். ஐயா, அது சொல்லுக்குச் சொன்ன இலக்கணம். சோபாவுக்குச் சொன்னதில்லை! (சிரிப்பு) எதிரணித் தங்கை இன்னும் ஒரு படி மேலே போய், நேத்துதானே போகி கொண்டாடினோம், பழசைக் கொளுத்தறதுதானே நம்ம பண்பாடுன்னு கேட்டாங்க. தங்கச்சி, போகியில நம்ம பாட்டி எதைக் கொளுத்தினாங்க? கிழிஞ்ச பாய், தேய்ஞ்ச துடைப்பம், பிஞ்சு போன முறம். தேக்கு நாற்காலியைத் தூக்கித் தீயில போட்ட பாட்டியை நீங்க பாத்திருக்கீங்களா? போட்டிருந்தா, தாத்தா அந்தப் பாட்டியையே... வேண்டாம், பண்டிகை நாளும் அதுவுமா! (சிரிப்பு)

இப்ப விஷயத்துக்கு வர்றேன். பழைய சாமான் பெரிசு, கனம், இடத்தை அடைக்கும். புதுசு சிறிசு, இடத்தை மிச்சப்படுத்தும். இதுதானே எதிரணியோட பெரிய ஆயுதம்? நடுவர் அவர்களே, உண்மை நேர் எதிரா இருக்கு. இன்னைக்குக் கடைக்குப் போய் சோபா பாருங்க. ஆளுக்கு ஒரு தலையணை கனத்துக்குக் கை, தரையோட தரையா உக்காந்த அடிப்பாகம், யானை படுத்த மாதிரி ஒரு உருவம். பத்துக்குப் பன்னிரண்டு ஹால்ல அதைப் போட்டா, வீட்டுல சோபா இருக்கான்னு கேக்கக் கூடாது. சோபாவுக்குள்ள வீடு இருக்கான்னுதான் கேக்கணும்! (கைதட்டல்)

ஆனா ஒரு அறுபது எழுபது வருஷத்துக்கு முந்தைய நாற்காலியை எடுத்துப் பாருங்க. மெல்லிசு கால். கீழே காலி. கை வெக்கிற கட்டை ரெண்டு விரல் அகலம். ஏன் அப்படிச் செஞ்சாங்க? இரண்டாம் உலகப் போர் 1945-ல முடிஞ்சது. ஐரோப்பாவுல நகரம் நகரமா இடிஞ்சு கிடந்தது. அவசர அவசரமா கட்டின வீடெல்லாம் சின்னச் சின்ன வீடு. அந்த வீட்டுக்குத் தகுந்த மாதிரி கனம் குறைஞ்ச, கால் மெலிஞ்ச, தூக்கி நகர்த்தக்கூடிய சாமான் வேணும்னு யோசிச்சுச் செஞ்ச காலம் அது. டென்மார்க்ல போர்கே மோகென்சன்னு ஒருத்தர். அலமாரி வடிவமைக்கறதுக்கு முன்னாடி அவர் முதல்ல பண்ணின வேலை என்ன தெரியுமா? ஒரு வீட்டுல எத்தனை சட்டை இருக்கும், எத்தனை தட்டு இருக்கும், மடிச்சா ஒவ்வொண்ணும் எவ்வளவு அகலம் வரும்னு கணக்கெடுத்தார். ஐயா, ஒரு ஆம்பளை வீட்டுல எத்தனை தட்டு இருக்குன்னு எண்ணியிருக்கார்! அதுக்காகவே அவருக்கு ஒரு சிலை வெக்கலாம். (பெண்கள் பகுதியில் பலத்த கைதட்டல்)

இதுல ஒரு சூட்சுமம் இருக்குங்க. அறையில தரை எவ்வளவு தூரம் கண்ணுக்குத் தெரியுதோ, அவ்வளவு பெரிசாத் தெரியும் அறை. கால் வெச்ச சாமானைப் போட்டா, அதுக்குக் கீழே சுவர் வரைக்கும் தரை ஓடறது தெரியும். பெட்டி மாதிரி அடைச்ச சாமானைப் போட்டா, கண்ணு அங்கேயே முட்டி நின்னுடும். இதைப் படிச்சவங்க வேற பேர் வெச்சுச் சொல்வாங்க. நம்ம வீட்டுப் பெண்கள் ஒரே வரியில சொல்வாங்க: “துடைப்பம் உள்ளே போகணும்டா!” (சிரிப்பு, கைதட்டல்) துடைப்பம் போகாத இடத்துல என்ன போகும்? கரப்பான் பூச்சி போகும். அதோட குடும்பம் போகும்.

எதிரணித் தம்பி சொன்னார், புதுசுன்னா அட்டைப் பெட்டியில பார்சலா வரும், நாமே பிரிச்சு மாட்டிக்கலாம், அது இந்தக் காலத்து அறிவுன்னு. தம்பி, அந்த அறிவுக்கு நூத்தி அறுபது வயசு ஆச்சு! வியன்னாவுல மைக்கேல் தோனெட்னு ஒருத்தர் 1859-ல ஒரு நாற்காலி கொண்டுவந்தார். பீச் மரத்தை ஆவியில வேகவெச்சு வளைச்சுச் செய்யறது. மொத்தம் ஆறே ஆறு மரத்துண்டு, கொஞ்சம் திருகாணி. ஒரு மீட்டர் நீள, அகல, உயரப் பெட்டிக்குள்ள முப்பத்தாறு நாற்காலியைக் கழட்டி அடுக்கிக் கப்பல்ல அனுப்பினாங்க. மும்பையில இரானி டீக்கடைக்குப் போனவங்க அந்த மாதிரி வளைச்ச மர நாற்காலியில உக்காந்திருப்பீங்க.

அவ்வளவு தூரம் ஏன்? நம்ம வீட்டு ஈசி சேர்! நாலு கட்டை, ஒரு துணி. விரிச்சா சிம்மாசனம், மடிச்சா சுவரோரமா ஒரு குச்சி. துணி அழுக்கானா உருவி எடுத்துத் துவைச்சுக் கொடியில போடலாம். உங்க லட்ச ரூபாய் சோபாவைக் கொடியில போட முடியுமா? (பலத்த சிரிப்பு)

நடுவர்: ஈசி சேரைப் பத்தி இவ்வளவு சொன்னீங்களே, அதை விரிக்கும்போது விரல் மாட்டிக்கிட்டவங்களைப் பத்தி ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா? (சிரிப்பு)

சொல்றேன் ஐயா. அது ஒரு தடவைதான் கடிக்கும். மாதத் தவணை மாசா மாசம் கடிக்கும்! (பலத்த கைதட்டல்)

அடுத்தது உழைப்பு. இன்னைக்கு மலிவா வர்ற அலமாரி பலதும் என்ன மரம்? மரமே இல்லை. மரத்தூளையும் மரச்சில்லையும் பசை போட்டு அழுத்தின பலகை. மேலே மரம் மாதிரி ஒரு படம் ஒட்டியிருப்பாங்க. ஒரு தடவை திருகாணியைக் கழட்டினா, மறுபடி அதே ஓட்டையில அது பிடிக்காது. சொந்த வீடு இருக்கறவங்களுக்குப் பரவாயில்லை. பதினோரு மாச ஒப்பந்தத்துல வாடகைக்கு இருக்கறவன் என்ன செய்வான்? ஒவ்வொரு தடவை வீடு மாத்தும்போதும் அலமாரி ஒரு பக்கம் தலையாட்டும், வீட்டுக்காரர் ஒரு பக்கம் தலையாட்டுவார்!

தண்ணி பட்டாலோ, கதை முடிஞ்சது. 2015 டிசம்பர்ல சென்னையில வெள்ளம் வந்ததே, அதை மறக்க முடியுமா? என் நாத்தனார் வீடு தரைத்தளம். இடுப்பளவு தண்ணி. வடிஞ்ச பிறகு போய்ப் பாத்தோம். புதுசா வாங்கின அலமாரி, டி.வி. ஸ்டாண்டு எல்லாம் பால்ல ஊறின ரஸ்க் மாதிரி உப்பி நிக்குது. தொட்டா கையோட வருது. ஆனா அவங்க மாமியார் கொண்டுவந்த தேக்குக் கட்டில் ஒண்ணு. சேத்தைக் கழுவினோம். வெயில்ல போடாம, நிழல்ல காத்தாடக் காயவெச்சோம். ஆறு வாரம் கழிச்சு பாலிஷ் போட்டோம். இன்னைக்கும் அதுலதான் தூங்கறாங்க. யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன்னு சொல்வாங்க. தேக்குக்கும் அது பொருந்தும். கட்டில் உடைஞ்சா பெஞ்சு ஆகும், பெஞ்சு உடைஞ்சா பலகை ஆகும், பலகை உடைஞ்சா மணை ஆகும். இது உடைஞ்சா? குப்பை. அதுவும் மாநகராட்சிக்காரங்க வாங்க மாட்டேன்னு சொல்ற குப்பை! (கைதட்டல்)

அதுக்காகப் பழசு எல்லாத்தையும் வாங்கி அடைக்கச் சொல்றேனான்னா, இல்லை. அப்படி அடைச்சா அது வீடு இல்லை, காயலான் கடை. ஒரு அறைக்கு ஒரு பழைய சாமான் போதும். அது ராஜா மாதிரி இருக்கணும். மத்ததெல்லாம் அதுக்கு வழிவிட்டு நிக்கணும். தாய்மார்கள் கேட்டா, நான் அனுபவத்துல நாலு விஷயம் சொல்வேன்.

முதல்ல, கையில ஒரு இஞ்ச் டேப் இல்லாம பழைய சாமான் பாக்கப் போகாதீங்க. ஹாலை மட்டும் அளந்தாப் போதாது. வாசக்கதவு அகலம், மாடிப்படி திரும்பற இடம், லிஃப்ட் எல்லாத்தையும் அளக்கணும். கூடத்துல இருக்கும்போது குட்டியாத் தெரிஞ்ச ஊஞ்சல் பலகை, மூணாவது மாடித் திருப்பத்துல வந்து ஜடாயு மாதிரி சிறகு விரிச்சு நிக்கும்! (சிரிப்பு)

ரெண்டாவது, டிராயரை இழுத்து மூலையைப் பாருங்க. ரெண்டு கை விரலையும் கோத்த மாதிரி மரத்துக்குள்ள மரம் பல்லுப்பல்லாக் கோத்திருந்தா, அது நல்ல ஆசாரி கை. வெறும் ஆணி அடிச்சிருந்தா யோசிங்க. தூக்கிப் பாருங்க, ஆட்டிப் பாருங்க. அடியில மாவு மாதிரி பொடி கொட்டியிருந்தா உள்ளே வண்டு குடியிருக்கு. அந்த வாடகைக்காரரை வீட்டுக்குக் கூட்டிட்டு வராதீங்க.

மூணாவது, பழைய பெயின்ட் அடிச்ச சாமான்னா ஜாக்கிரதை. அந்தக் காலத்துப் பெயின்ட்ல ஈயம் இருக்க வாய்ப்பு உண்டு. குழந்தை இருக்கிற வீட்டுல உக்காந்து உப்புத்தாள் போட்டுத் தேய்க்காதீங்க. தெரிஞ்ச ஆள்கிட்டே குடுங்க. பழைய மேசை விளக்கு வாங்கினா, உள்ளே இருக்கிற ஒயரைப் புதுசா மாத்தாம ஸ்விட்சைப் போடாதீங்க. பழசு மேல எனக்கு அன்பு உண்டு. ஷாக் அடிக்கிற அளவுக்கு அன்பு இல்லை. (சிரிப்பு)

நாலாவது, ஒரு சாமானுக்கு ரெண்டு வேலை குடுங்க. அப்பா பட்டாளத்துல இருந்து கொண்டுவந்த டிரங்குப் பெட்டி இருக்கா? மேலே ஒரு துணியை விரிங்க, டீபாய் ஆச்சு. உள்ளே கம்பளியும் குளிர்காலப் போர்வையும் போகும். டீபாய்னு சொன்னதும் ஞாபகம் வருது. நாம என்னமோ டீ வெக்கிறதால டீபாய்னு நினைக்கிறோம். அதுல டீயும் இல்லை, பாயும் இல்லை. மூணு கால்னு அர்த்தம் வர்ற வடநாட்டுச் சொல் அது. இங்கிலீஷ்காரன் வாயில விழுந்து டீ குடிச்சுட்டுத் திரும்பி வந்திருக்கு! (சிரிப்பு) பீரோவும் அப்படித்தான். பிரெஞ்சு மொழியில அது எழுதற மேசைக்குப் பேர். நம்ம வீட்டுக்கு வந்து புடவை அடுக்குது. இரும்பு பீரோவைப் பாருங்களேன். கோத்ரெஜ் கம்பெனி 1923-லயே இரும்பு அலமாரி செய்ய ஆரம்பிச்சது. சீர்வரிசையில வந்த அந்தப் பச்சை பீரோவைத் துருவைச் சுரண்டிப் பளிச்சுனு ஒரு வர்ணம் அடிச்சு ஹால்ல நிறுத்திப் பாருங்க. வர்றவங்க எல்லாம் எங்கே வாங்கினீங்கன்னு கேப்பாங்க. மாமனார் வீட்டுலன்னு சொல்லுங்க. (சிரிப்பு)

நடுவர் அவர்களே, பழசோட மதிப்பு நமக்குத் தெரியாது, அடுத்தவனுக்குத் தெரியும். சண்டிகர் நகரத்தை லே கார்பூசியே திட்டமிட்டார்னு எல்லாருக்கும் தெரியும். அவரோட சித்தப்பா பெரியப்பா வழித் தம்பி பியேர் ஜான்னரே. 1951-ல இருந்து 1965 வரைக்கும் சண்டிகர்லயே இருந்தார். அந்த ஊர் அலுவலகத்துக்கும் கல்லூரிக்கும் நம்ம தேக்கு, நம்ம பிரம்பு, நம்ம ஊர் ஆசாரிகளை வெச்சு நாற்காலி செய்ய வெச்சார். கவுத்துப் போட்ட ‘வி’ மாதிரி கால், நடுவுல பிரம்புப் பின்னல். பிரம்பு கிழிஞ்சதும் நம்ம அதிகாரிகள் என்ன பண்ணினாங்க? மொட்டை மாடியில குவிச்சாங்க. கழிச்ச சாமான்னு ஏலம் போட்டாங்க. வெளிநாட்டு வியாபாரிகள் வந்து அள்ளிட்டுப் போனாங்க. அங்க ஏல மண்டபத்துல அதே நாற்காலி லட்சக்கணக்குல போச்சு. 2011-ல மத்திய அரசு விழிச்சுக்கிட்டு, இனிமே அதை விக்கக் கூடாதுன்னு உத்தரவு போட்டது. நம்ம குமாஸ்தா அறுபது வருஷம் உக்காந்து கொட்டாவி விட்ட நாற்காலி ஐயா அது! (கைதட்டல்)

இன்னொண்ணு. அமெரிக்காவுல சார்லஸ் ஈம்ஸ், ரே ஈம்ஸ்னு ஒரு தம்பதி. நாற்காலி வடிவமைப்புல உலகப் புகழ் பெற்றவங்க. நம்ம அரசாங்கமே அவங்களைக் கூப்பிட்டு, ஊரைச் சுத்திப் பாத்து யோசனை சொல்லுங்கன்னு கேட்டது. 1958-ல அறிக்கை குடுத்தாங்க. அதன் பேர்ல 1961-ல அகமதாபாத்ல தேசிய வடிவமைப்பு நிறுவனம் வந்தது. அந்த அறிக்கையில, இந்தியாவுல தாங்கள் பாத்து வியந்த பொருள்கள்லயே உசத்தின்னு எதைச் சொன்னாங்க தெரியுமா? தாஜ்மகாலா? இல்லை. சொம்பு! (சிரிப்பு) ஆமாங்க, லோட்டான்னு சொல்ற சொம்பு. தலையில வெச்சாலும் இடுப்புல வெச்சாலும் எப்படி நிக்குது, ஊத்தும்போது எப்படி ஊத்துது, கழுவ எப்படி இருக்கு, கையில எப்படி உக்காருது, கடைசியில பழசா போட்டா என்ன தேறும்னு வரிசையா கேள்வி கேட்டு எழுதினாங்க. பழசா போட்டா என்ன தேறும்! நம்ம அம்மா பாத்திரக் கடையில கேக்கற அதே கேள்வி. நாற்காலி மன்னர்கள் நம்ம சொம்பைக் கும்பிட்டுட்டுப் போயிருக்காங்க. நம்ம ஊர் நாட்டாமைகளுக்கு அது முன்னாடியே தெரியும், சொம்பு இல்லாம தீர்ப்பே சொன்னதில்லை. நடுவர் அவர்களே, உங்க பக்கத்துல பாட்டில் தண்ணி வெச்சிருக்காங்க. தீர்ப்பு எப்படி இருக்குமோன்னு எனக்கு இப்பவே பயமா இருக்கு! (பலத்த சிரிப்பு, கைதட்டல்)

இவ்வளவு நேரம் சிரிச்சோம். இப்ப கொஞ்சம் மனசு விட்டுப் பேசறேன்.

காரைக்குடியில முனீஸ்வரன் கோயில் தெருன்னு ஒண்ணு இருக்கு. பழைய சாமான் கடைகளுக்குப் பேர் போன தெரு. மரப் பெட்டி, பர்மா தேக்குத் தூண், பீங்கான் ஜாடி, நாற்காலி, நிலைக்கண்ணாடி. பாக்கப் பாக்க ஆசையா இருக்கும். ஆனா கொஞ்ச நேரம் நின்னீங்கன்னா மனசு கனக்கும். ஏன்னா, அங்க இருக்கிற சாமான் பலதுக்குப் பின்னாடியும் ஒரு பாகப்பிரிவினை இருக்கு. ஒரு வீடு மூடப்பட்ட கதை இருக்கு.

எங்க வீட்டுலயும் அது நடந்தது. என் மாமனாரோட ஊர் மாயவரம் பக்கம். அண்ணன் தம்பி நாலு பேர். வீட்டை வித்துப் பாகம் பிரிச்சாங்க. மாமியார் அதுக்கு முன்னாடியே காலமாயிட்டாங்க. மாமனார் எங்களோட சென்னைக்கு வந்துட்டார். ரெண்டாவது மாடி, அறுநூத்திப் பத்து சதுர அடி. நாங்க, ரெண்டு பிள்ளைங்க, அவர். வந்த புதுசுல அவர் ஒண்ணு கேப்பார். காலையில எழுந்து பல் தேய்ச்சுட்டு வந்து, ஹால்ல நின்னுக்கிட்டு கேப்பார்: “நான் எங்கம்மா உக்காரட்டும்?”

நடுவர் அவர்களே, நாப்பது வருஷம் ஒரு வீட்டுத் திண்ணைக்கு எஜமானா இருந்த மனுஷன். ஊர்ப் பஞ்சாயத்து அவரைத் தேடி வரும். அவர் பெத்த பிள்ளை வீட்டுல, எங்க உக்காரட்டும்னு கேக்கறார். நாங்க யாரும் அவரை ஒரு சொல் சொன்னதில்லை. சோபாவுல உக்காருங்க மாமான்னுதான் சொல்வேன். உக்காருவார். பேரப்பிள்ளை வந்தா எழுந்துடுவார். என் தோழிகள் வந்தா எழுந்துடுவார். கறிகாய்க்காரர் மணி அடிச்சாக்கூட எழுந்துடுவார். விருந்தாளி மாதிரி இருந்தார் ஐயா. (அரங்கில் அமைதி)

ஊர்ல இருந்து கடைசி லாரியில மூணு சாமான் வந்தது. அவர் கணக்கு எழுதின சாய்வு மேசை, ஒரு பெஞ்சு, அவரோட கை வெச்ச நாற்காலி. நாற்காலியில பிரம்பு பிஞ்சு, நடுவுல தலை போற அளவு ஓட்டை. பக்கத்து வீட்டுக்காரர் பாத்துட்டு, பின்னற கூலிக்கு ரெண்டு பிளாஸ்டிக் சேர் வாங்கிடலாமேன்னார். நல்ல மனசோடதான் சொன்னார். என் வீட்டுக்காரர் விசாரிச்சு ஒரு பின்னல்காரரைக் கூட்டிட்டு வந்தார். அவருக்குக் கண் பார்வை கிடையாது. நாற்காலிப் பின்னல் பார்வையில்லாதவங்க பலர் கத்துக்கிட்டுக் குடும்பம் நடத்தற தொழில்.

அவர் முதல்ல நாற்காலியைத் தடவினார். சட்டத்துல வரிசையா இருக்கிற ஓட்டைகளை விரலாலயே எண்ணினார். அப்புறம் கை வெக்கிற கட்டையைத் தடவிக்கிட்டே கேட்டார்: “ஐயா வலது கைப் பழக்கமா? வலது பக்கம் மரம் நல்லா தேய்ஞ்சிருக்கே. விசிறி வெச்சுக்குவாரோ?” உள்ளே இருந்து என் மாமனார் குரல் வருது: “விசிறி இல்லப்பா, வெத்தலைச் செல்லம்!” (சிரிப்பு, கைதட்டல்) அன்னைக்கு ஆரம்பிச்சது பேச்சு. ரெண்டு நாள் வேலை. பிரம்பை ஊறப்போட்டு, நேரா, குறுக்கா, மூலைக்கு மூலை இழுத்து இழுத்துப் பின்னினார். மாமனார் பக்கத்துலயே பெஞ்சைப் போட்டு உக்காந்து, ஊர்க் கதை எல்லாம் சொன்னார். எங்ககிட்ட ஆறு மாசமா சொல்லாத கதை. போகும்போது பின்னல்காரர் சொன்னார், “தொய்வு விழுந்தா அடிப்பக்கம் வெந்நீர்த் துணியால நனைச்சுக் காயவிடுங்க, தானா இறுகும். நல்ல மரம். இன்னும் ரெண்டு தலைமுறை தாங்கும்.”

ஜன்னல் பக்கத்துல ரெண்டடிக்கு ரெண்டடி இடம். அதுல அந்த நாற்காலியைப் போட்டோம். மறுநாள் காலையில மாமனார் பல் தேய்ச்சுட்டு வந்தார். யாரையும் எதுவும் கேக்கலை. நேரா போய் உக்காந்தார். பேப்பரை விரிச்சார். “காபி ஆச்சாம்மா?”ன்னார். (பலத்த, நீண்ட கைதட்டல்)

நாலு சதுர அடி ஐயா! அறுநூத்திப் பத்துல நாலு! அந்த நாற்காலியில இன்னைக்கு வரைக்கும் பேரப்பிள்ளைங்க உக்கார மாட்டாங்க. நாங்க சொல்லி இல்லை. அது தாத்தா இடம்னு அதுங்களுக்குத் தெரியும். அந்தச் சாய்வு மேசையில பெரியவன் லேப்டாப் வெச்சுப் படிக்கிறான். அவன் சொல்றான், “தாத்தா, இது கழுத்து வலிக்காம சரியான சாய்வுல இருக்கு”ன்னு. பெரியவர் ஜன்னலோரமா இருந்து மீசையைத் தடவிக்கறார்.

(மணி அடிக்கப்படுகிறது)

மணி அடிச்சுட்டீங்க, முடிச்சுடறேன். எதிரணி நண்பர்களே, புதுசு வாங்காதீங்கன்னு நான் சொல்லலை. குளிர்பதனப் பெட்டி புதுசா வாங்குங்க, மின்விசிறி புதுசா வாங்குங்க, மெத்தை கட்டாயம் புதுசா வாங்குங்க. ஆனா வீட்டைக் காலி பண்ணும்போது, ஊர்ல இருந்து லாரி வரும்போது, இடம் இல்லைன்னு ஒரு வார்த்தையில கழிச்சுக் கட்டிடாதீங்க. இஞ்ச் டேப்பை எடுத்து ஒரு தடவை அளந்து பாருங்க. நாற்காலிக்கு நாலு சதுர அடி கிடைக்குதான்னு பாருங்க. கிடைச்சுதுன்னா, அந்த நாற்காலிக்கு உரிய மனுஷனுக்கும் உங்க வீட்டுல இடம் கிடைச்சுடும்.

சின்ன வீடு சிறுத்துப் போறது சுவராலே இல்லை நடுவர் அவர்களே. பெரியவங்க உக்கார இடம் தேடி நிக்கிற வீடு, அரண்மனையா இருந்தாலும் சின்ன வீடுதான். அவங்க கேக்காமலே போய் உக்காருற வீடு, அறுநூறு சதுர அடியா இருந்தாலும் பெரிய வீடு. அந்தப் பெரிய வீட்டைக் கட்டித் தர்றது பழைய சாமான்களே, பழைய சாமான்களேன்னு அழுத்தந்திருத்தமாத் தீர்ப்பு வழங்கும்படி உங்களைக் கேட்டுக்கொள்கிறேன். 

(பலத்த கைதட்டல்)